ஜி.ஆர்.இ.: ஏழு புத்தகம் வாங்கியும் மதிப்பெண் ஏறவில்லையே?

இந்த வாரக் கடிதத்தை எழுதியவர் 26 வயதுப் பெண். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. பொறியியல் முடித்து நான்கு வருடமாக வேலையில் இருக்கிறார். எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பில் சேர, அதற்கான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வை எழுதப் போகிறார். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இன்னும் 20 வாரம் இருக்கிறது. படிக்க நேரம் கிடைக்கட்டும் என்று 18-ஆவது வாரத்தில் தேர்வு எழுத நினைத்திருக்கிறார்.

மூன்று மாதமாகப் படித்து வருகிறார். கையில் ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. சீனியர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகம் ஒன்று, ஒரு பயிற்சி நிறுவனத்தின் தடிமனான புத்தகங்கள் இரண்டு, கணக்குத் தொகுப்புகள் இரண்டு, சொற்பட்டியல் ஒன்று, அப்புறம் தேர்வை நடத்தும் இ.டி.எஸ். அமைப்பே வெளியிட்ட வழிகாட்டி நூல் ஒன்று. கடைசியாகச் சொன்னதை இன்னும் திறக்கவில்லை. 3,000 சொற்கள் கொண்ட பட்டியலில் 1,100 வரை மனப்பாடம் ஆகியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இ.டி.எஸ். இலவசமாகத் தரும் இரண்டு மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதியிருக்கிறார். குவான்ட் என்ற கணக்குப் பகுதியில் 156, வெர்பல் என்ற ஆங்கில மொழிப் பகுதியில் 148. மூன்று மாதத்துக்கு முன்பு எழுதிப் பார்த்த வேறொரு மாதிரித் தேர்விலும் ஏறக்குறைய இதேதான்.

"ஐயா, எந்தப் புத்தகத்தில் கோட்டை விட்டேன் என்று புரியவில்லை. எனக்கு இரண்டும் சேர்த்து 320 வேண்டும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கட்டுமா? மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லும் ஆன்லைன் வகுப்பில் சேரட்டுமா? போன மாதம் வந்த கேள்விகளைத் தருகிறோம் என்று ஒரு டெலிகிராம் குழு கூப்பிடுகிறது. தமிழ் வழியில் படித்தவளுக்கு வெர்பல் வராது என்று தோழி சொல்கிறாள். எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார். மாதிரித் தேர்வில் தவறிய கேள்விகளின் பட்டியலையும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் தவறியது என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தை ஒருமுறையும், அந்தப் பட்டியலை மூன்று முறையும் படித்தேன், சகோதரி. நீங்கள் தேடும் பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. எட்டாவது புத்தகம் வேண்டாம். வேலையையும் விட வேண்டாம்.

குவான்டில் 27 கேள்விகளில் ஒன்பது தவறு. அவற்றில் ஐந்து, இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரியது என்று கேட்கும் ஒப்பீட்டுக் கணக்குகள். அந்த ஐந்துக்கும் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது ஒரே சொல்: "கவனக்குறைவு". நான்கை நான் போட்டுப் பார்த்தேன். நான்கிலும் வழி தவறிய இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே சாயலில் நானே ஒரு கணக்கு தருகிறேன், பாருங்கள்.

எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரியது. முதல் அளவு எக்ஸின் வர்க்கம். இரண்டாம் அளவு எக்ஸ். எது பெரியது?

உங்கள் கை உடனே 3 என்று போட்டுப் பார்க்கும். வர்க்கம் 9, ஆகவே முதல் அளவு பெரியது என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். 1 போட்டுப் பார்த்தால் இரண்டும் சமம். அரை போட்டால் வர்க்கம் கால்தான், இரண்டாம் அளவு பெரிதாகிவிடும். ஆகவே விடை "தீர்மானிக்க முடியாது". உங்கள் பட்டியலில் உள்ள மூன்று கணக்குகளில் நீங்கள் எண் என்றதுமே மிகை முழு எண் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னம் நினைவுக்கு வரவில்லை, குறை எண் வரவில்லை, பூஜ்யமும் வரவில்லை. நான்காவது கணக்கில் ஒரு முக்கோணப் படத்தைக் கண்ணால் அளந்து விடை சொல்லியிருக்கிறீர்கள். ஜி.ஆர்.இ.யில் வடிவியல் படங்கள் அளவுக்கு ஏற்ப வரையப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வரைபடங்களும் ஆய அச்சுப் படங்களும் மட்டும்தான் அளவுக்கு ஏற்ப இருக்கும்.

இதைக் கவனக்குறைவு என்று எழுதினால் அதோடு கதை முடிந்துவிடும். அடுத்த முறை கவனமாக இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவீர்கள். அந்தப் புத்தகத்திலும் இதே இடத்தில்தான் சறுக்குவீர்கள். மூன்று மாதம் உழைத்தும் மதிப்பெண் நகராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டிருக்கலாம். ஒரே பழக்கம் அத்தனையிலும் கூடவே வந்திருக்கிறது. நல்ல செய்தியும் இதில் உண்டு. ஒன்பது தவறுகளில் நான்கு ஒரே வேரிலிருந்து வருகின்றன என்றால், அந்த ஒரு வேரைப் பிடுங்கினால் போதும்.

எந்தப் புத்தகம் இருக்கட்டும், எது போகட்டும்

சீனியர் கொடுத்த புத்தகத்தில் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வகையும் 2011 ஆகஸ்டில் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோதே எடுக்கப்பட்டுவிட்டன. 200 முதல் 800 வரை இருந்த மதிப்பெண் அளவுகோல் 130 முதல் 170 வரை என்று மாறியதும் அப்போதுதான். அந்தப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். அன்பாகக் கொடுத்தவர்தான், ஆனால் அவர் எழுதிய தேர்வு இப்போது இல்லை.

பயிற்சி நிறுவனத்தின் இரண்டு புத்தகங்கள் 2023-க்கு முந்தையவை. 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. முன்பு மூன்றே முக்கால் மணி நேரம், இப்போது 1 மணி 58 நிமிடம். கட்டுரை இரண்டாக இருந்தது ஒன்றாகிவிட்டது. ஒரு வாதத்தை எடுத்து அலசும் கட்டுரை போய்விட்டது, ஒரு பிரச்சினையைப் பற்றி உங்கள் நிலைப்பாட்டை எழுதும் கட்டுரைக்கு மட்டும் 30 நிமிடம். நீங்கள் வாரத்துக்கு இரண்டு வாதக் கட்டுரை எழுதிப் பழகுவதாகச் சொல்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தப் புத்தகங்களில் உள்ள குவான்ட், வெர்பல் கேள்வி வகைகள் மாறவில்லை, ஆகவே பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். முழுத் தேர்வுக்கும் நேரக் கணக்குக்கும் மட்டும் அவற்றை நம்ப வேண்டாம்.

அடுத்தது நீங்கள் திறக்காத அந்த நூல். "கடினமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன், கடைசி மாதம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்கிறீர்கள். என்னிடம் வரும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். நல்லதைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். கடைசி மாதம் வரும்போது தேர்வுப் பயம் வந்துவிடும், புத்தகத்தில் பாதியைக்கூடத் தொட முடியாது. கேள்வி எழுதுகிறவர்களின் மொழி எப்படி இருக்கும், தவறான விடைகளை எப்படி ஆசை காட்டி வைப்பார்கள் என்பது இ.டி.எஸ். கேள்விகளில்தான் அச்சாகத் தெரியும். மற்றவர்கள் எழுதும் குவான்ட் கேள்விகளில் பெரும்பாலும் கணக்கு நீளமாக இருக்கும். இ.டி.எஸ். கேள்வியில் கணக்கு சின்னது, பொறி ஆழமானது. வெர்பலில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அதனால் உங்கள் தயாரிப்புக்கு நடுத்தூண் அந்த வழிகாட்டி நூல்தான். தேவைப்பட்டால் இ.டி.எஸ். குவான்டுக்கும் வெர்பலுக்கும் தனித்தனியாக வெளியிட்டிருக்கும் பயிற்சித் தொகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. இ.டி.எஸ். தளத்தில் கணிதப் பாடம் முழுவதையும் எண்கள், இயற்கணிதம், வடிவியல், தரவு என்று பிரித்துச் சொல்லித் தரும் மீள்பார்வைக் கோப்பு இருக்கிறது. கட்டுரைத் தலைப்புகளின் முழுப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. தேர்வில் வரும் தலைப்பு அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன, ஒன்றை எழுதிவிட்டீர்கள். இன்னொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பத் திரும்ப எழுதலாம்தான், ஆனால் பார்த்த கேள்விகளே வந்தால் மதிப்பெண் பொய் சொல்லும்.

சரி, கணக்குத் தொகுப்பு இரண்டில் எது என்று கேட்பீர்கள். எதில் விளக்கம் உங்களுக்குப் புரிகிறதோ அது. இன்னொன்றை மூடிவிடுங்கள். பகிரப்பட்ட கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணினி ஃபோல்டரையும்தான். அது உங்களுக்குத் தருவது பாடம் இல்லை, இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது என்ற பதற்றம் மட்டும்தான்.

தமிழ் வழியும் வெர்பலும்

தோழி சொன்னதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் வெர்பல் பட்டியல் வேறு கதை சொல்கிறது. பதினொன்று தவறு, மூன்றை விடை குறிக்காமலே விட்டிருக்கிறீர்கள். பதினொன்றில் முற்றிலும் தெரியாத சொல்லால் தவறியவை இரண்டுதான். மற்ற ஒன்பதில் நான்கு, உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைத்த சொற்களால் தவறியவை.

'குவாலிஃபைடு' என்ற சொல்லைத் தகுதியுள்ள என்று படித்திருக்கிறீர்கள். ஒரு விமர்சகரின் பாராட்டு குவாலிஃபைடு என்று வந்தால், அது தயக்கத்தோடு, நிபந்தனையோடு கொடுத்த பாராட்டு. 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், சரிதான், தண்டனை நடவடிக்கைக்கும் அதே சொல்தான். 'டிஸின்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவர் இல்லை, சொந்த ஆதாயம் இல்லாத நடுநிலையாளர். 'அரெஸ்ட்' போலீஸ் வேலை மட்டும் இல்லை, ஒரு நோயின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவதற்கும் அதுதான். மூவாயிரம் சொல் பட்டியல் அரிய சொற்களைத் தேடிப் பிடித்துத் தருகிறது, ஆனால் உங்களைக் கவிழ்ப்பது பழகிய சொல்லின் பழகாத பொருள். 1,100 வரை வந்துவிட்டீர்கள், அங்கேயே நில்லுங்கள். இனிமேல் புதுச் சொல் என்றால் நீங்கள் படிக்கும் பத்தியிலோ போடும் கேள்வியிலோ இடறிய சொல் மட்டும். அந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். பொருள் மட்டும் எழுதி வைத்தால் தேர்வறையில் அது கைகொடுக்காது.

மீதி ஐந்தும் பத்தி வாசிப்பு. வெர்பலில் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் இந்த வகைதான், நீங்களோ மூன்று மாதத்தில் இதற்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும், அதுவரை காத்திருந்து பழகிய மனம் நம்முடையது. ஆங்கிலத்தின் நீண்ட வாக்கியத்தில் எழுவாயும் வினையும் முன்னாலேயே வந்துவிடும், பின்னால் வால் நீண்டுகொண்டே போகும். அல்லது நடுவில் ஒரு இடைச்செருகல் புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். வால் முழுவதையும் சுமந்துகொண்டு வினையைத் தேடுவதால்தான் மூன்றாவது வரியிலேயே களைத்துப் போகிறோம். தினமும் ஒரு பத்தி எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். 'தோ', 'யெட்', 'ஃபார் ஃப்ரம்' போன்று வாக்கியத்தின் திசையைத் திருப்பும் சொற்களுக்கு வட்டம் போடுங்கள். பிறகு அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வரியில், தமிழிலேயே எழுதுங்கள். ஆம், தமிழிலேயே. புரிந்ததா என்று சோதிக்கத்தான் அந்த வரி. ஐந்தாறு வாரம் செய்தால் கோடு போடாமலே கண் அங்கே போய் நிற்கும். தமிழ் வழியில் படித்த பலர் இந்தப் பயிற்சியால் முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் வருவீர்கள்.

மூன்று கேள்விகளை ஏன் விட்டீர்கள் என்பதற்கு "நெகட்டிவ் மார்க் பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜி.ஆர்.இ.யில் நெகட்டிவ் மார்க் கிடையாது. தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போய்வரவும், குறித்து வைத்துவிட்டுப் பிறகு பார்க்கவும் முடியும். எளிதோ கடினமோ, ஒரு பிரிவுக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு. அதனால் ஒரு கேள்வியோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டுவது நஷ்டம்.

நேரத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வெர்பல் முதல் பிரிவில் 12 கேள்விக்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 23 நிமிடம். குவான்டில் 12-க்கு 21, 15-க்கு 26. அதாவது வெர்பலில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம், குவான்டில் ஒன்றே முக்கால். முதல் பிரிவில் எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பிரிவின் கடினம் அமையும். ஆகவே முதல் 12 கேள்விகளில் அவசரப்பட வேண்டாம்.

320 என்ற எண்

இ.டி.எஸ். அறிக்கையில் கூட்டு மதிப்பெண் என்று ஒன்று வருவதில்லை. வெர்பல், குவான்ட், கட்டுரை என்று மூன்றும் தனித்தனியாகத்தான் போகும். நாம்தான் கூட்டிக்கொள்கிறோம். அதோடு, வெர்பலில் 160 வாங்கியவர் மற்றவர்களைவிட எவ்வளவு மேலே நிற்கிறாரோ, குவான்டில் 160 வாங்கியவர் அவ்வளவு மேலே நிற்பதில்லை. குவான்டில் அதிகம் வாங்குகிறவர்கள் ஏராளம். பொறியியல் துறைகள் முதலில் பார்ப்பது குவான்டைத்தான். 320 என்ற ஒரே எண்ணைத் துரத்துவதைவிட, நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு துறையும் என்ன கேட்கிறது என்று பார்த்து இரண்டு பகுதிக்கும் தனித்தனி இலக்கு வையுங்கள்.

இதற்கும் முன்னால் ஒன்று. நீங்கள் குறித்திருக்கும் ஆறு துறைகளும் இப்போது ஜி.ஆர்.இ. கேட்கின்றனவா என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமீப ஆண்டுகளில் பல துறைகள் இதைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன, சில வேண்டவே வேண்டாம் என்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்திலேயே துறைக்குத் துறை மாறும். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் படியுங்கள். தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் சொல்வது அவர்கள் கடமை. இந்த ஒரு மாலை வேலை, அடுத்து வரும் வாரங்களை எவ்வளவு தீவிரமாகச் செலவிட வேண்டும் என்பதை முடிவுசெய்யும்.

தேதியை முன்னுக்கு இழுங்கள்

18-ஆவது வாரம் என்பது ஆபத்தான கணக்கு. அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். அன்றைக்குக் காய்ச்சல் வந்தாலோ, மனம் சரியில்லாமல் போனாலோ மறுபடி எழுத நேரம் இருக்காது. ஒருமுறை எழுதிய பிறகு 21 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை அனுமதி உண்டு. ஆகவே 14-ஆவது வாரத்தில் எழுதுங்கள். அப்போது 21 நாள் இடைவெளி, மதிப்பெண் வர 10 நாள், கைவசம் பத்துப் பதினைந்து நாள் என்று இரண்டாம் வாய்ப்புக்கு இடம் இருக்கும். அந்த வாய்ப்பு தேவைப்படாமலே போகலாம். ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்து உட்கார்ந்தால் கை நடுங்காது. எழுதிய முயற்சிகளில் எந்த மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும்.

வேலையை விடுவது பற்றி: வேண்டாம். உங்கள் பட்டியலைப் பார்த்தால் நேரம் போதாமல் மதிப்பெண் நிற்கவில்லை. நாள் முழுக்கக் கையில் இருந்தால் இன்னும் மூன்று புத்தகம் சேரும், பதற்றமும் சேரும். வார நாளில் ஒன்றேகால் மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் போதும். தேர்வுக்கு முந்தைய வாரம் முடிந்தால் மூன்று நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம் கணித மீள்பார்வைக் கோப்பை முடிப்பதற்கும் தினம் ஒரு பத்திக்கும். இந்தக் கட்டத்தில் கடிகாரமே வேண்டாம். நான்காவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை இ.டி.எஸ். நூல். ஒரு நாள் கேள்விகளைப் போட்டால் மறுநாள் அவற்றை அலசுவதற்கு மட்டும். அலசும் நாளில் புதுக் கேள்வி ஒன்றும் தொடக் கூடாது. அந்த நாள்தான் மதிப்பெண் ஏறும் நாள். பதினொன்றாவது வாரம் நீங்கள் பத்திரப்படுத்திய மாதிரித் தேர்வை, கட்டுரையையும் சேர்த்து, இடைவேளை இல்லாமல் ஒரே அமர்வில் எழுதுங்கள். அசல் தேர்விலும் இடைவேளை கிடையாது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் படிக்காமல், தவறுகளையே திரும்பப் பார்த்து முடியுங்கள். கட்டுரைக்கு வாரம் ஒன்று போதும். பட்டியலிலிருந்து ஒரு தலைப்பு, 30 நிமிடம், எழுத்துப் பிழை திருத்தி இல்லாத எடிட்டரில் எழுதிப் பழகுங்கள், தேர்விலும் திருத்தி இருக்காது.

வீட்டிலிருந்தே எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுத் தேர்வில் சாதாரணக் காகிதத்தில் கணக்குப் போட அனுமதி இல்லை. சிறிய வெள்ளைப் பலகையும் அழிக்கும் பேனாவும், அல்லது ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த தாளும்தான். நீங்கள் நோட்டில் இடம்விட்டு இடம்விட்டு எழுதிப் பழகியவர். தேர்வன்று முதல்முறையாகப் பலகையைத் தொட்டால் தடுமாறுவீர்கள். நான்காவது வாரத்திலிருந்தே பலகையில் போடுங்கள். பதிவு செய்யும்போது பெயர், உங்கள் அடையாள ஆவணத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உத்தரவாத வகுப்பும் அந்தக் குழுவும்

உத்தரவாதம் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் நிபந்தனைகள் இருக்கும். பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: எந்த மதிப்பெண்ணிலிருந்து ஏற்றத்தைக் கணக்கிடுவார்கள்? எல்லா வகுப்பையும் வீட்டுப்பாடத்தையும் முடித்திருந்தால்தான் செல்லுமா? ஏறாவிட்டால் பணம் திரும்புமா, அல்லது அதே வகுப்பை மறுபடி கேட்கச் சொல்வார்களா? நேரான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம். வகுப்பே தப்பு என்று சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்தால் ஒழுங்கு வராது என்பவருக்கு அது உதவும். உங்களுக்கு ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது.

டெலிகிராம் குழுவை விட்டு இன்றே வெளியேறுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள். கசிந்த கேள்விகளை முன்பே பார்த்ததாகத் தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யும் அதிகாரம் இ.டி.எஸ்.க்கு உண்டு. ரத்தான மதிப்பெண்ணோடு ஒரு துறையின் முன் போய் நிற்பது, குறைந்த மதிப்பெண்ணோடு நிற்பதைவிட எவ்வளவோ மோசம். அவர்கள் விற்பது உண்மையான கேள்விதானா என்று சரிபார்க்கவும் வழியில்லை. பணம் கட்டிய பிறகு யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்?

தவறு நோட்டு

கடைசியாக அந்தப் பட்டியலுக்கே வருகிறேன். அதை ஒரு நோட்டாக்குங்கள். ஒவ்வொரு தவறுக்கும் மூன்று வரி. நான் என்ன நினைத்தேன்? எந்த இடத்தில் அந்த நினைப்பு பிசகியது? அடுத்த முறை பேனாவை எடுக்கும் முன் என்ன செய்வேன்? மேலே சொன்ன கணக்குக்கு மூன்றாவது வரி இப்படி இருக்கலாம்: "எண் வந்தால் 3, 1, அரை, பூஜ்யம், குறை 2 என்று ஐந்தில் கேள்வி அனுமதிப்பதையெல்லாம் போட்டுப் பார்ப்பேன்." இந்த நோட்டில் கவனக்குறைவு என்ற சொல் வரவே கூடாது. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றால், அந்தக் கேள்வியை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். சரியாக விடை சொன்ன கேள்விகளிலும் குத்துமதிப்பாக அடித்தவற்றை இதில் சேருங்கள். ஒரு வாரம் கழித்து, விடையை மறைத்துவிட்டு அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் அடித்துவிடலாம். வரவில்லையென்றால் இன்னொரு வாரம்.

இந்த வாரம் ஒன்றை மட்டும் செய்யுங்கள். குவான்டில் தவறிய அந்த ஒன்பதையும் புதிதாக, கடிகாரம் இல்லாமல் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள். ஒப்பீட்டுக் கணக்குகளில் ஐந்தாவது ஒன்று எனக்கே கொஞ்சம் நேரம் எடுத்தது. அதில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று உங்கள் குறிப்பிலிருந்து தெரியவில்லை. அந்த மூன்று வரியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.